ஆறு முழமும் ஒரு சாணும்

மாதுங்காவில் பஞ்சு வீடு எது என்று கேட்டால் எந்தப் பஞ்சு என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த வட்டாரத்தில் அப்போது பஞ்சுக்களுக்குப் பஞ்சமில்லை. பெலிஸ்தர் பஞ்சு என்று கேட்டால் மட்டும் காய்கறி விற்கிற மராட்டிக்காரர் உட்பட எல்லாரும் கை நீட்டி மூன்றாம் கட்டடத்தைக் காட்டுவார்கள். பெலிஸ்தர் என்றால் யார், மனிதரா பண்டமா என்று காய்கறிக்காரருக்குத் தெரியாது. ஆனால் பஞ்சுவுக்கு அப்படி ஏதோ ஒன்று உண்டு என்று தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டே அந்தப் பட்டப்பெயரை உள்ளுக்குள் வெல்லக்கட்டி மாதிரி சப்பிக்கொண்டு திரிந்தார் பஞ்சு.

பெயர் வந்த கதை எட்டு வருஷத்துக் கதை. ரயில்வே ஆபீஸில் இவருடைய துரை சுவரில் ஒரு ஓவியத்தை மாட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். சட்டம் நல்ல தேக்கு என்றார் பஞ்சு. துரை சிரித்து, நீ ஒரு பிலிஸ்டைன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். திட்டு என்று புரிந்தது, என்ன திட்டு என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினார். ரசனை கெட்டவன் என்று முதல் அர்த்தம் போட்டிருந்தது. அதைப் படித்ததும் காது சிவந்தது. இரண்டாவது அர்த்தம், பாலஸ்தீனத்துக் கடற்கரையில் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஒரு ஜனம், பைபிளில் வருகிற பெலிஸ்தர், கோலியாத் என்ற ராட்சசனின் ஆட்கள் என்று இருந்தது. ஒரு ஜனத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறார்களே என்று அவர்கள் சார்பில் பஞ்சுவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு அடுத்த சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் கோட்டைப் பகுதியில் இருந்த டவுன்ஹால் நூலகத்துக்குப் போனவர்தான், எட்டு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார். நாலு பெரிய நோட்டுப் புத்தகங்கள் நிறைந்துவிட்டன. மனைவி வாலாம்பாள் அவற்றை மூத்தாள் பிள்ளைகள் என்பாள்.

மாதுங்காவில் ஒரு காபிப்பொடிக் கடைக்கு மாடியில் ஞாயிறு வாசக சங்கம் கூடும். மாசத்துக்கு ஒரு விவாதம். விவாதம் முடிந்ததும் கை தூக்கி வோட்டு. பிறகு சங்கத்தின் செயலாளர் இரண்டு தரப்புப் பேச்சையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, பேசின இருவருக்கும் காட்டி, அவரவர் பேச்சுக்கு அடியில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தான பிறகு அதில் ஒரு எழுத்துச் சேர்த்தாலும் மறுபடி கையெழுத்து வேண்டும். வாலாம்பாள் தன்னுடைய முத்து முத்தான எழுத்தில் அதைப் படி எடுத்துத் தருவாள். ஆண்டு மலரில் அது அச்சாகும். இந்த விதிகளை எல்லாம் போட்டவர் செயலாளரான பஞ்சுவேதான். செயலாளரே விவாதத்தில் பேசித் தோற்றால் யார் எழுதுவது என்று விதியில் இல்லை. தோற்போம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால்தானே?

நாற்பத்தாறாம் வருஷம் ஜூலை மாசம் 'பெலிஸ்தர் யார், அவர்கள் மொழி எது' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். எதிர்த்துப் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். சங்கத் தலைவர், ரிடையரான போஸ்ட்மாஸ்டர் அனந்தநாராயணன், "யாரானும் ரெண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுங்கோ, இல்லேன்னா விவாதம் ஆகாது" என்று சபையைப் பார்த்தார். கடைசி பெஞ்சியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. முழங்கை வரைக்கும் கிரீஸ் கறை.

கை கணேசபாண்டியனுடையது. ஊர் திருநெல்வேலிப் பக்கம், இருப்பு தாராவி. பட்டாளத்தில் நாலு வருஷம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி, இப்போது ஒரு தோல் கிடங்குக்கு லாரி ஓட்டுகிறவர். சங்கத்துக்கு வர ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பஞ்சு பெருந்தன்மையாகத் தலையசைத்தார். பாவம், பேசட்டுமே என்று இருந்தது அவருக்கு.

முதலில் பஞ்சு பேசினார். குறை சொல்ல முடியாது, நன்றாகவே பேசினார். எகிப்துக் கோயில் சுவரில் இறகுக் கிரீடம் வைத்த வீரர்களாக அவர்கள் செதுக்கப்பட்டிருப்பதைச் சொன்னார். கப்பலிலும், பெண்டு பிள்ளைகளை ஏற்றிய மாட்டு வண்டியிலும் அவர்கள் வந்ததைச் சொன்னார். அவர்கள் பூர்வீகம் கப்தோர் என்று பைபிள் சொல்வதையும், அது கிரீட் தீவுதான் என்பதையும் சொன்னார். அவர்களுடைய ஐந்து நகரத்துத் தலைவர்களுக்கு 'ஸெரென்' என்று ஒரு பட்டம் இருந்தது, அது அந்தப் பக்கத்துப் பாஷைகள் எதிலும் சேராத சொல், ஆகவே அவர்கள் தங்கள் தீவு மொழியைக் கடைசி வரைக்கும் காப்பாற்றினார்கள் என்று முடிவு கட்டினார். "பைபிளை அவாளோட எதிரி எழுதின புஸ்தகம்னு தள்ளிடக் கூடாது. எதிரிதான், ஆனாலும் கோலியாத்தோட உசரம் ஆறு முழமும் ஒரு சாணும்னு அளந்து எழுதியிருக்கான். குறைச்சு எழுதலை" என்றபோது கைதட்டல் விழுந்தது. பெண்கள் பக்கத்துப் பாயில் வாலாம்பாளும் தட்டினாள்.

கணேசபாண்டியன் எழுந்தார். கையில் குறிப்பு ஏதும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பானை ஓடு. அதில் சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்க்கிற ஒரு பறவை.

பஞ்சு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அந்தப் பறவையை அவருக்குத் தெரியும். நூலகத்துப் புத்தகத்தில் நாற்பத்தோராம் படம். எத்தனை சனிக்கிழமை அதைத் தாளின் மேல் விரலால் தடவியிருக்கிறார்! அது இந்த ஆளின் சட்டைப் பையில் கிடந்து வந்திருக்கிறது.

"நான் இத பத்தி புஸ்தகம் எதுவும் படிக்கல" என்று ஆரம்பித்தார் கணேசபாண்டியன். "நாப்பத்தி மூணுல காசா ஊருக்கு வெளிய எங்க கேம்ப். பக்கத்துல ஒரு மண்மேடு. வெள்ளக்காரன் தோண்டிட்டு வுட்டுட்டுப் போனது. அதுக்குக் காவலா ஜமால்னு ஒரு பெரியவரு இருந்தாரு. சாயங்காலம் எனக்கு டீ போட்டுக் குடுத்து, இங்கதான் பெலிஸ்தர் இருந்தாவன்னு கதை சொல்லுவாரு. அவரு குடுத்த ஓடுதான் இது. எல்லாரும் கையில வாங்கிப் பாருங்க."

ஓடு வரிசை வரிசையாகக் கை மாறியது. பஞ்சுவிடம் வந்தபோது, தொட்டால் சுட்டுவிடும் என்பது போல, அங்கவஸ்திரத்தின் நுனியால் தாங்கி அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. அதனால்தான் தொடவில்லை.

"பஞ்சு சார் சொன்னது எல்லாம் சரி. கடல் கடந்து வந்த ஜனந்தான். எந்தத் தீவுன்னு எனக்குத் தெரியாது. ஆனா பாஷைய கடைசி வரைக்கும் காப்பாத்துனாவன்னு சொன்னாவ பாருங்க, அதத்தான் ஒத்துக்கிட முடியல. பெண்டு புள்ளைய வண்டில ஏத்திக்கிட்டுப் பிழைக்க வந்த ஜனம்னு சாரே சொல்லுதாவ. நாங்களும் அப்படி வந்தவங்கதான். எங்க தெருவுல புள்ளைய எல்லாம் இந்தில சண்ட போடுது, மராட்டில கேலி பண்ணுது. பசிச்சா மட்டும் ஆத்தாகிட்ட தமிழ்ல சோறு கேக்குது. அதுக பெத்த புள்ளைய அதையும் இந்திலதான் கேக்கும். ஆனா ஒண்ணு. தெருவுல ஒரு வழக்குன்னா எங்காளு மட்டுமில்ல, பக்கத்துல இருக்குற மராட்டிக்காரனும் பாயும்கூட 'நாட்டாமைகிட்ட சலோ'ன்னுதான் சொல்லுதான். வேற சொல்லு அவனுக்கு வாயில வர்றதில்ல. நூறு வருசம் கழிச்சு எங்க பேச்சுல எது மிஞ்சும்? நாட்டாமைங்குற அந்த ஒத்தச் சொல்லு மிஞ்சும். அத வச்சு, தாராவிக்காரன் கடைசி வரைக்கும் தமிழ்தான் பேசுனான்னு ஒருத்தர் எழுதுனா அது நெசமா? அந்த ஸெரெனும் அவியளுக்கு நாட்டாமைதான் சார். பாஷை முழுசா கரைஞ்சு போனதுனாலதான் அந்த ஒரு சொல்லு அப்படித் துருத்திக்கிட்டு நிக்குது."

 மாடி இடிந்துவிடும் போல் கைதட்டல். கீழே காபிக்கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஏறி வந்து பார்த்தார். அதற்கு மேலும் அரை மணி பேசினார் கணேசபாண்டியன். ஜமாலைப் பற்றிப் பேசினார், மண்மேட்டைப் பற்றிப் பேசினார், கரைந்துபோகிற பேச்சுக்களைப் பற்றிப் பேசினார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வோட்டு எடுத்தார்கள். கணேசபாண்டியனுக்கு முப்பத்தொன்று. பஞ்சுவுக்கு நாலு. அந்த நாலில் ஒன்று பஞ்சுவின் கையே. பாயில் உட்கார்ந்திருந்த வாலாம்பாளின் கை, வளையல் முழங்கைக்கு வழிய, முப்பத்தொன்றோடு சேர்ந்து உயர்ந்திருந்ததை அவர் பார்த்தார்.

"உனக்கு அப்படி என்ன பிடிச்சுதாம்?" என்று வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டார்.

"நம்மாத்துக் கிட்டு நேத்திக்கு என்னை, 'என்னம்மா'ங்கறதுக்கு மராட்டியிலே 'காய் கோ'ன்னு கேட்டான். அதுதான் ஞாபகம் வந்துது" என்றாள் வாலாம்பாள். கிட்டு அவர்களுடைய பிள்ளை.

அந்த வாரம் பஞ்சு பட்ட பாடு கொஞ்சமல்ல. காபிக்கடைக்காரர், "என்ன சார், பெலிஸ்தர் பாண்டியன் அடுத்த வாரமும் பேசறாராமே" என்றார். எட்டு வருஷம் பெலிஸ்தர் பஞ்சு. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பெலிஸ்தர் பாண்டியன்! வயிறு எரிந்தது என்பது சும்மா பேச்சுக்குச் சொல்கிறதில்லை. பஞ்சுவுக்கு நிஜமாகவே எரிந்தது; மோரைக் கரைத்துக் குடித்துப் பார்த்தார், தணியவில்லை. ரயிலில் தொங்கிக்கொண்டு போகும்போதும், ஆபீஸில் வேகன் கணக்கைக் கூட்டும்போதும் கணேசபாண்டியனின் பேச்சு தலைக்குள் ஓடியது. எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே மூக்கைத் தேய்த்துக்கொண்டார் என்பது முதற்கொண்டு ஒரு வார்த்தை பிசகாமல் ஓடியது. பொறாமைக்கு இருக்கிற ஞாபகசக்தி படிப்புக்குக் கிடையாது.

ஆனால் குறிப்புப் புத்தகத்தை விரித்ததும் பேனா வேறு விதமாக நடந்தது. செயலாளர் பேச்சு பதினோரு பக்கம் வந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு வரி:

'திரு. கணேசபாண்டியன் அவர்களும் பேசினார்கள். பானை ஓடு ஒன்று காட்டப்பட்டது.'

வோட்டு விவரம் எழுத இடமில்லை என்று விட்டுவிட்டார். கீழே முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

அந்தச் சனிக்கிழமை பஞ்சு நூலகத்துக்குப் போகவில்லை. மத்தியானம் கணேசபாண்டியன் காபிக்கடை வாசலில் லாரியை நிறுத்திவிட்டுக் கையெழுத்துப் போட மாடி ஏறி வந்தார். பஞ்சு அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினார். கணேசபாண்டியன் அதைத் திருப்பி இவர் பக்கமே நகர்த்தினார்.

"நீங்களே வாசிச்சிருங்க சார். பட்டாளத்துல இங்கிலீஷ் எழுத்துல இந்துஸ்தானி படிக்க வச்சு வச்சு, தமிழெழுத்து எனக்குத் தடுமாறுது."

பஞ்சு இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு ஆளின் முகத்துக்கு நேரே அந்த இரண்டு வரியை எப்படி வாசிப்பது? எழுதுவது வேறு, வாசிப்பது வேறு. கண்ணாடியைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். 'திரு. கணேசபாண்டியன் அவர்கள்' என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வாய் தானாக ஓடியது. காசாவுக்கு வெளியே கேம்ப், மண்மேடு, ஜமால், டீ, மாட்டு வண்டி, சோறு கேட்கிற பிள்ளைகள், நாட்டாமை, கரைந்துபோன பாஷை, எல்லாம் ஒன்று விடாமல் வந்தது. ஒரு வாரம் தலைக்குள் சுற்றினது வாய் வழியே கொட்டியது. வாசிக்கவில்லை என்பது தெரியாமல் இருக்க நடுவில் ஒரு தரம் விரலால் வரியைத் தொடர்வது போலவும் செய்தார்.

கணேசபாண்டியன் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "நான் பேசுனத விட நல்லாருக்கு" என்று சொல்லி, பேனாவை வாங்கி அந்த இரண்டு வரிக்கு நேர் கீழே இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பஞ்சு ஜன்னலோரம் நின்று லாரி போவதைப் பார்த்தார். நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் காரியத்தை முடித்தவருக்கு வர வேண்டிய நிம்மதி மட்டும் வரக் காணோம்.

சாயங்காலம் வாலாம்பாள் படி எடுக்கப் புத்தகத்தை வாங்கினாள். பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

"ஏன்னா, இதுல நாட்டாமை எங்கே?"

"எல்லாத்தையும் எழுதிண்டிருக்க முடியுமோ? சுருக்கம்தான் குறிப்பு."

"உங்க பேச்சு மட்டும் சுருங்கலையே."

"அவரே கையெழுத்துப் போட்டுட்டார். உனக்கென்னடி வந்தது?"

வாலாம்பாள் பேனாவை மூடி வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானே அன்னிக்குச் சபையிலே சொன்னேள்? எதிரியாவே இருந்தாலும் கோலியாத்தோட உசரத்தைக் குறைக்காம அளந்து எழுதினான்னு. அந்த எதிரிக்கு இருந்த மனசு உங்களுக்கு இல்லையா? நான் இதைப் படி எடுக்க மாட்டேன்."

அவள் கொத்துமல்லி ஆய உட்கார்ந்துவிட்டாள். பஞ்சு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமாக அவர் அந்த ஜனத்துக்காக அழுததெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: அவர்கள் பேச்சு ஒரு வரிகூட அவர்கள் வாயால் மிஞ்சவில்லை, எழுதிவைக்கிற கை வேறொருவன் கையாகிப் போயிற்று. இப்போது அந்தக் கையைத் தன் மடியிலேயே பார்த்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கூடவே, இவளும் அந்த ஆளுக்காகப் பேசுகிறாளே என்று எரிச்சலும் குறையாமல் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டே பேனாவைத் திறந்து, அந்தக் கையெழுத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். யோசிக்கத் தேவையே இல்லை. பதினான்கு பக்கம் வந்தது. முப்பத்தொன்றுக்கு நாலு என்பதையும் கடைசியில் போட்டார்.

விதிப்படி இப்போது மறுபடி கையெழுத்து வேண்டும். ஞாயிறு காலையில் வேட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தகத்தை எண்ணெய்த்துணியில் சுற்றிக்கொண்டு தாராவிக்குப் போனார். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சேறு கணுக்கால் வரை இழுத்தது. உப்புப் போட்ட தோலின் நாற்றத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கிடங்கு வாசலில் லாரியின் முன்மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்த கணேசபாண்டியன், "வாங்க சார், இம்புட்டுச் சேத்துல!" என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்து, லாரியின் படியில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தார்.

"குறிப்புல ஒரு கையெழுத்து விட்டுப் போச்சு" என்றார் பஞ்சு. "வாசிக்கிறேன்."

இந்தத் தரம் கண் தாளிலேயே இருந்தது. காசாவும் மண்மேடும் ஜமாலும் டீயும் மறுபடி வந்தன. தாள் திரும்பிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் கணேசபாண்டியன் தாடையைத் தடவினார்.

"இதத்தான நேத்தும் வாசிச்சிய?"

பஞ்சு தலை நிமிரவில்லை. "நேத்திக்கு வாசிச்சேன். ராத்திரிதான் எழுதினேன்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"எழுத்துதான் தடுமாறும். வரி எண்ணத் தெரியாதா? ரெண்டே வரிய அரை மணிக்கு மேல வாசிச்சிய."

"தெரிஞ்சுண்டு ஏன் கையெழுத்துப் போட்டேள்?" என்று கேட்டார் பஞ்சு.

கணேசபாண்டியன் சட்டைப் பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். காற்றில் படபடத்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேல், பறக்காமல் இருக்க, பானை ஓட்டை வைத்தார். "நான் பேசுனது எனக்கே பாதி மறந்து போச்சு சார். ஒரு சொல்லு சிந்தாம நீங்க வச்சிருந்திய. காயிதத்துல இருந்தா என்ன, உங்ககிட்ட இருந்தா என்னன்னு தோணுச்சு. எங்க இருந்தாலும் இருக்குதுல்லா."

பஞ்சு ஓட்டைப் பார்த்தார். பிறகு, யாரும் தடுக்காததால், விரலை நீட்டி அந்தப் பறவையின் திரும்பிய கழுத்தைத் தொட்டார். சொரசொரவென்று இருந்தது. படத்தில் அது தெரிந்ததில்லை.

கணேசபாண்டியன் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"இருங்கோ" என்றார் பஞ்சு. இந்த மனுஷன் இப்போது சொன்னதையாவது நான் சொல்லியிருக்கக் கூடாதா என்று வயிறு மறுபடியும் எரிந்தது. எரிகிற வயிற்றோடேயே பேனாவைத் திறந்து, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே, அதையும் ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதினார்.